துளசிமணி திட்டவில்லை

நிலாவின் அமைதிக்கடல் சுரங்கத்தில் காலை ஷிப்ட் தொடங்குவதற்கு முன் ஆட்கள் வரிசையில் நின்று பூமிக்குப் போன் போட்டுத் திட்டு வாங்குவார்கள். வாங்கியவன் துள்ளிக்கொண்டு வருவான். "எருமைன்னு சொல்லிட்டாடா!" என்று பின்னால் நிற்பவனிடம் பீற்றிக்கொள்வான். பின்னால் நிற்பவன் பொறாமையை மறைத்துக்கொண்டு கை குலுக்குவான். வீட்டில் அன்பாகப் பேசிவிட்டவன் மட்டும் யார் கண்ணையும் பார்க்காமல் தலைக்கவசத்தை மாட்டிக்கொண்டு நிலா மண்ணைச் சலிக்கப் போய்விடுவான். அன்றைக்கு அவனை யாரும் கேலி செய்வதில்லை. துக்க வீட்டுக்குக் கொடுக்கும் மரியாதை அவனுக்கும் உண்டு.

இதற்கெல்லாம் காரணம் ஒரு நல்ல சட்டம்.

முன்னொரு காலத்தில் ஒருவர் உங்கள் எண்ணைத் தடுத்துவிட்டால் மணி ஒரு தரம் அடித்து நின்றுவிடும். அல்லது அடித்துக்கொண்டே இருக்கும். அல்லது யாரோ ஒரு பெண் வந்து, தொடர்பு எல்லைக்கு வெளியே என்று மூன்று மொழிகளில் பொய் சொல்வாள். மனிதர்கள் இதை வைத்து ஜோசியம் பார்த்தார்கள். டிக் ஒன்றா இரண்டா, முகப்புப் படம் தெரிகிறதா, நண்பன் போனிலிருந்து கூப்பிட்டால் எடுக்கிறாளா என்று ஆராய்ந்து பலர் தூக்கம் கெட்டார்கள். சிலர் ரயில் பாதைக்குப் போனார்கள். அரசாங்கம் மனமிரங்கி மௌனத் தடைச் சட்டத்தைக் கொண்டுவந்தது. யாரையும் தடுக்கலாம், ஆனால் பதில் இல்லாமல் விடக் கூடாது. தடுத்தவர் சார்பில் இனி 'இன்சொல்லி' பேசும். பழைய உரையாடல்களைக் கேட்டுக் கேட்டு, அவர் குரலையும் முகத்தையும் இருமலையும் கற்றுக்கொண்ட இயந்திரம் அது. கேட்பவர் மனம் புண்படும்படி அது ஒரு சொல் பேசக் கூடாது என்றது சட்டம். தான் இயந்திரம் என்று ஒப்புக்கொள்ளவும் கூடாது. தடுக்கப்பட்டது தெரிந்தால் மனம் புண்படும் அல்லவா.

ஆக, அதுவரை மௌனத்தைக் கண்டு பயந்தவர்கள், அதன் பிறகு அன்பைக் கண்டு பயப்படத் தொடங்கினார்கள்.

சென்னியப்பனுக்கு அந்தப் பயம் வந்ததே இல்லை. பவானியில் இருந்த அவன் மனைவி துளசிமணி, ஹலோ என்பதற்கு முன்பே ஆரம்பித்துவிடுவாள். நிலாவுக்குப் போனது தப்பு, போனவன் போன் செய்தது தப்பு, செய்யாமல் விட்டது அதைவிடத் தப்பு. அவள் பேச ஆரம்பித்தால் வரிசையில் நிற்பவர்கள், தங்கள் வீட்டுத் திட்டு போதாதவர்கள், ஒலிபெருக்கியைப் போடச் சொல்லிக் கேட்பார்கள். அவன் கூட்டாளி ஜெபசிங், நாகர்கோவில்காரன், கண்ணை மூடிக்கொண்டு கச்சேரி கேட்பதுபோலத் தலையை ஆட்டுவான்.

அப்படிப்பட்ட துளசிமணி ஒரு காலையில் போனை எடுத்து, "சாப்ட்டீங்களா மாமா?" என்றாள்.

சென்னியப்பன் மிச்சத்துக்காகக் காத்திருந்தான். மிச்சம் வரவில்லை.

"நேத்து நான் கூப்பிடவே இல்லையே, ஏன்னு கேக்கலையா?" என்று அவனே எடுத்துக் கொடுத்தான்.

"வேல இருந்திருக்கும். உடம்பப் பாத்துக்கங்க மாமா."

வரிசையில் யாரோ அவன் தோளைத் தொட்டுவிட்டு நகர்ந்தார்கள்.

அடுத்த நாளும் அப்படித்தான். அதற்கடுத்த நாள் "தெம்பா இருங்க மாமா" என்றாள். சென்னியப்பனுக்குச் சோறு இறங்கவில்லை. துளசிமணி தன்னைத் தடுத்துவிட்டாளா, இல்லையா? சுரங்கத்தில் இதைக் கண்டுபிடிக்க இருந்த பழைய வழிகள் எல்லாம் அடைபட்டிருந்தன. பூமிக்குக் குரல் போய்த் திரும்ப இரண்டு நொடிக்கு மேல் ஆகும். தொடக்கத்தில் இன்சொல்லிகள் நிலாவிலேயே இருந்த கணிப்பொறியில் குடியிருந்ததால் பட்டென்று பதில் சொல்லி மாட்டிக்கொண்டன. கம்பெனிக்காரர்கள் விழித்துக்கொண்டு, ஒவ்வோர் இன்சொல்லியையும் தடுத்தவரின் போனுக்கே குடிமாற்றிவிட்டார்கள்; அங்கிருந்து பேசினால் தாமதம் தானாக வந்துவிடும். அடுத்தவன் போனில் பேசினாலும் குரலைப் பிடித்துக்கொண்டு இன்சொல்லிதான் வரும்.

"மக்கா, நான் ஒண்ணு சொன்னா கோவிக்கப்பிடாது" என்றான் ஜெபசிங். "என் பெண்டாட்டி என்னைய ராசான்னு கூப்பிட்ட அன்னைக்கே எனக்குத் தெரிஞ்சு போச்சு. ஒரு நாளு அழுதேன். பொறவு பழகிப் போச்சு."

"என்ற துளசி அப்படிப்பட்டவ இல்லடா."

"எல்லாவனும் அப்படித்தாம்டே சொல்லுவான். வேணும்னா ஒண்ணு செய்யி. சீண்டிப் பாரு. உசுரு உள்ள பொம்பள எவ்வளவு நாளு பொறுப்பா? ஒத்த வசவு விழுந்தாப் போதும், அவ அங்க இருக்கான்னு அர்த்தம்."

சென்னியப்பன் சமையலில் தொடங்கினான். "இந்தச் சொரங்கத்துல மிசினு கழுவுன தண்ணியக் குடிச்சேன் துளசி. நீ வெக்கற ரசத்துக்கு அது எவ்வளவோ தேவலை."

வழக்கமான தாமதம். "அப்படீங்களா மாமா. வந்தீங்கன்னா நல்லா வெச்சுத் தாரனுங்."

ஜெபசிங் உதட்டைப் பிதுக்கினான்.

மறுநாள் மாமனாரின் மீசைக்குப் போனான். மாமியார் அந்த மீசையைப் பற்றி ஒரு வார்த்தை சொன்னதற்காக, அவரோடு இரண்டு தீபாவளி பேசாமல் இருந்தவள் துளசிமணி. "உங்கப்பன் ஒரு களவாணி. மூஞ்சிய மறைக்கத்தான் அத்தாம்பெரிய மீசை வெச்சிருக்கான்" என்றான் சென்னியப்பன். சொல்லிவிட்டு, பழக்கத்தில் போனைக் காதிலிருந்து ஒரு முழம் தள்ளிப் பிடித்தான்.

"பெரியவங்களப் பேசி என்னங்க ஆகப் போவுது. விடுங்க மாமா. நல்லாத் தூங்குனீங்களா?"

இப்போது சுரங்கமே அவனுக்காகக் கவலைப்பட்டது. சிலர் பந்தயம் கட்டினார்கள். எல்லோரும் இயந்திரத்தின் பக்கமே கட்டியதால் பந்தயம் நடக்கவில்லை.

மூன்றாவதாக என்ன சொல்லப் போகிறான் என்பதைச் சென்னியப்பன் முன்கூட்டியே ஜெபசிங்கிடம் சொன்னான். அவர்களுக்கு ஒரு பெண் குழந்தை இருந்தது. பெயர் பூந்தளிர். மூன்று வயதில், ஒரு மழைநாளில், காய்ச்சல் மூளைக்கு ஏறிப் போய்விட்டாள். அதற்குப் பிறகுதான் சென்னியப்பன் நிலாவுக்கு எழுதிப் போட்டான்.

ஜெபசிங் முகம் மாறியது. "அது வேண்டாம் மக்கா."

"அது மிசினுதானடா. மிசினுக்கு என்ன நோவப் போவுது?"

"மெசினா இல்லையான்னு தெரியாமத்தானடே பாத்துக்கிட்டு நிக்கோம்?"

சென்னியப்பன் அதைக் காதில் வாங்கவில்லை. சந்தேகம் முற்றிய மனிதனுக்கு நியாயம் கேட்காது, பதில்தான் கேட்கும்.

"துளசி, பூந்தளிரு சாவல. நீதான் கொன்ன. பெத்தவன்னு ஒருத்தி பக்கத்துல ஒழுங்கா இருந்திருந்தா அவ இன்னிக்குப் பள்ளிக்கூடம் போயிட்டிருப்பா."

வழக்கமான தாமதம் கடந்தது. அதற்குப் பிறகும் கொஞ்சம் கடந்தது. இரைச்சல் மட்டும் வந்தது.

"நேரத்துக்குச் சாப்டுங்க மாமா" என்றது குரல். போன் வைக்கப்பட்டது.

சென்னியப்பன் சுவரில் சாய்ந்து உட்கார்ந்துவிட்டான். பெற்ற தாய் இதைக் கேட்டுவிட்டுச் சாப்பிடச் சொல்வாளா? சந்தேகமே இல்லை. மிசின்தான்.

அது மிசின் இல்லை.

சில வாரங்களுக்கு முன்பு வேறொரு சுரங்கத்தில் ஒருவன், வீட்டில் சண்டை போட்ட கையோடு வெளியே போய், தலைக்கவசத்தைக் கழற்றிவிட்டான். கம்பெனி மருத்துவர் குடும்பத்தாரையெல்லாம் கூப்பிட்டு, மேலே நிலாவில் இருப்பவர்களிடம் தயவுசெய்து கடிந்து பேசாதீர்கள் என்றார். துளசிமணி நேராகக் கூடுதுறைக்குப் போய் மூன்று முழுக்குப் போட்டு, மாமா திரும்பி வருகிற வரைக்கும் ஒரு சுடுசொல் சொல்வதில்லை என்று வேண்டிக்கொண்டாள். அவள் வாழ்க்கையில் எடுத்த விரதங்களிலேயே கடினமானது அது. ரசத்தைப் பற்றி அவன் சொன்னபோது கரண்டியைச் சுவரில் எறிந்துவிட்டு, 'அப்படீங்களா மாமா' என்றாள். மீசையின்போது முந்தானையைக் கடித்துக்கொண்டாள். மூன்றாவதைக் கேட்டபோது கடிக்க எதுவும் அகப்படவில்லை. சாப்பிடச் சொல்லிவிட்டுப் போனை வைத்தாள்.  பிறகு, கல்யாணமான நாளிலிருந்து ஒரு தடவைகூட நினைத்துப் பார்க்காத காரியத்தைச் செய்தாள். அவன் எண்ணைத் தடுத்தாள்.

அந்த மாதம்தான் பூமியில் சட்டம் திருத்தப்பட்டிருந்தது. இன்சொல்லியின் அன்பே தடுக்கப்பட்டவர்களைக் காட்டிக்கொடுத்துப் புண்படுத்துகிறது என்று நிறையப் புகார்கள் போயிருந்தன. ஆகவே புதிய பதிப்பு திட்டலாம் என்று அனுமதி கிடைத்தது. யார் எப்படித் திட்டுவார்களோ, அந்த அளவில், அந்த வட்டார வழக்கில். பூமியில் எல்லாப் போன்களிலும் புதிய பதிப்பு அன்று இரவே ஏறிவிட்டது. நிலாவுக்கு அனுப்பச் செலவாகும் என்பதால் அங்கே பழையதே ஓடிக்கொண்டிருந்தது. விஷயத்தை அங்கே யாரும் சொல்லவும் இல்லை.

மறுநாள் காலை சென்னியப்பன் வரிசையில் நின்றது பேசுவதற்காக அல்ல. இயந்திரத்தை நாலு கேள்வி கேட்க வேண்டும் என்றுதான்.

"ஏ டப்பா!" என்று ஆரம்பித்தான்.

"ஆருடா டப்பா? நீ டப்பா, உன்ற வம்சமே டப்பா! என்ற அப்பன் மீசையப் பத்திப் பேச உனக்கு என்னடா யோக்கிதை இருக்குது? கமுக்கமாப் போயி நெலாவுல ஒளிஞ்சுக்கிட்டு அங்கிருந்து நாயம் பேசறியா? இன்னொருக்காப் புள்ள பேர எடுத்தீன்னா, அங்கயே வந்து நாக்க இழுத்து வெச்சு அறுத்துப் போடுவேன், பாத்துக்க!"

சென்னியப்பன் அப்படியே மண்டியிட்டான். கண்ணீர் தாடியில் வழிந்தது. "இருக்கறா... இருக்கறாடா! என்ற துளசி அங்கயேதான் இருக்கறா!"

வரிசை முழுக்கக் கைதட்டியது. அன்றைக்கு உணவுக்கூடத்தில் அவன் செலவில் எல்லோருக்கும் ரவா லட்டு. ஜெபசிங் லட்டைக் கையில் வைத்துக்கொண்டு, "குடுத்து வெச்சவன்டே நீ" என்று சொல்லிவிட்டு மூக்கைச் சிந்தினான். தான் சொன்னது ஒரு தாயின் காதில் நிஜமாகவே விழுந்திருக்கிறது என்பது சென்னியப்பனுக்கு ஒரு கணம் உறைத்தது. லட்டு தீர்வதற்குள் அது மறந்துவிட்டது.

அதன் பிறகு தினமும் திட்டு. முதல் வாரம் அவன் அதைப் பதிவு செய்து மறுபடி போட்டுக் கேட்டான். இரண்டாவது மாதம் போனைப் பெஞ்சில் வைத்துவிட்டு டீ வாங்கப் போனான். திரும்பி வந்தபோதும் திட்டு ஓடிக்கொண்டிருந்தது. மூன்றாவது மாதம் போனை எடுத்தாலே கொட்டாவி வந்தது. அவள் இருக்கிறாள், தன்னைத் தடுக்கவில்லை, கூப்பிட்டால் எடுப்பாள், தெரிந்தாகிவிட்டது. அப்புறம் பேச என்ன இருக்கிறது? அவனுக்கு வேண்டியிருந்தது துளசிமணி இல்லை. அவள் தன்னைத் தடுக்கவில்லை என்கிற தகவல். தகவல் கையில் இருந்ததால், ஒரு நாள் கேரம் ஆட்டத்தின் நடுவே, கண்ணைப் பலகையை விட்டு எடுக்காமலே அவள் எண்ணைத் தடுத்தான்.

அன்றிலிருந்து தினமும் காலையில், அவன் வழக்கத்தையும் கற்றிருந்த அவனுடைய இன்சொல்லியே பவானிக்குப் போன் போட்டது; அங்கிருந்து ஓர் இயந்திரம் திட்டியது. நிலாவில் ஓர் இயந்திரம் "ம்", "சரி துளசி", "என் தப்புதான்" என்று கேட்டுக்கொண்டது. தம்பதிகளின் பேச்சு நேரத்தைக் கணக்கெடுக்கும் அரசாங்கத் துறை அவர்களை நெருக்கமான குடும்பங்களில் ஒன்றாகக் குறித்துக்கொண்டது.

வருடம் திரும்பியது. தடுத்தவரிடம் வருடத்துக்கு ஒரு தரம் கேட்க வேண்டும் என்பது விதி. துளசிமணியின் போன் கேட்டது: "சென்னியப்பன் எண்ணைத் தொடர்ந்து தடுக்கவா?"

சரி என்று சொல்ல வாயெடுத்தவள் நிறுத்தினாள். "இன்னும் பேசறாரா அந்தாளு?"

"தினமும்."

"எதுத்துப் பேசறாரா?"

"முன்பு பேசினார். இப்போது இல்லை. நாம் திட்டுவதை முழுதாகக் கேட்டுக்கொள்கிறார். என் தப்புதான் என்கிறார்."

துளசிமணி கையிலிருந்த முறத்தைக் கீழே வைத்தாள். இதற்குள் பூமியில் இனிக்கிற பழைய பதிப்பை எல்லோரும் மறந்திருந்தார்கள். மிசின் என்றால் எரிந்து விழும், எதிர்த்துப் பேசாமல் பொறுமையாகக் கேட்டால் அது மனுசன்தான் என்பது பச்சைக் குழந்தைக்கும் தெரிந்த விஷயம் ஆகியிருந்தது. இத்தனை நாள் இத்தனை வசவையும் ஒற்றை ஆளாக அங்கே நின்று வாங்கியிருக்கிறார்.  தடையை எடுத்தாள். தானே கூப்பிட்டாள்.

"சொல்லு துளசி."

"மாமா..."  மூக்கை உறிஞ்சிக்கொண்டாள். "உங்ககிட்ட ஒண்ணு சொல்லோணும். ஆருகிட்டயும் சொன்னதில்ல. அன்னிக்குப் புள்ளைக்கு ஜன்னி வந்தப்ப நான் தூங்கலீங் மாமா. உங்களத்தான் கூப்பிட்டுட்டே இருந்தனுங். வண்டி உங்ககிட்ட இருந்துது. மழையில ஆட்டோ ஒண்ணும் நிக்கல. நான் திட்டறதுக்குத்தான் கூப்பிடறேன்னு நெனச்சு, நீங்க போன எடுக்கவே இல்ல."

நிலாவில் சென்னியப்பன் சிவப்புக் காயைக் குறிவைத்துக்கொண்டிருந்தான். வழக்கமான தாமதம் பிசகாமல் கடந்தது.

"ம். என் தப்புதான் துளசி."

அவள் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். வெகுநேரம் அழுதாள். எதிர்முனை போனை வைக்கவில்லை, குறுக்கே பேசவில்லை, வேலை இருக்கிறது என்று சொல்லவில்லை.

"கலியாணம் ஆகி இத்தன வருசத்துல," என்றாள் துளசிமணி, கண்ணைத் துடைத்துக்கொண்டு, "இன்னிக்குத்தானுங் மாமா நீங்க நான் பேசறத முழுசாக் கேட்டிருக்கறீங்க."

"ம்," என்றது இயந்திரம். "அப்புறம்?"