தேடப் போனவள்

கருமத்தம்பட்டியில் கரண்ட் போனால் முதலில் தெரிவது இருட்டல்ல, அமைதி. காலையிலிருந்து சுவர்களுக்குள் புகுந்து, டம்ளரில் இருக்கும் தண்ணீரைக்கூட நடுங்க வைத்துக்கொண்டிருக்கும் விசைத்தறிகள் எல்லாம் ஒரே மூச்சில் நின்றுபோய், பஞ்சுத் தூசியின் வாசமும் எங்கோ பற்றவைக்கும் மண்ணெண்ணெய் விளக்கின் வாசமும் மட்டும் தெருவில் மிஞ்சும். அன்று சாயங்காலமும் தறிகள் அப்படித்தான் நின்றன. ஒரு சத்தம் மட்டும் நிற்கவில்லை.

ரப்பர் செருப்பு ஒன்று தரையில் அடிக்கும் சத்தம். அடுத்து, வெறுங்கால் மண்ணில் பதியும் மெல்லிய சத்தம். மறுபடி செருப்பு. மறுபடி வெறுங்கால். அவினாசி ரோட்டுப் பக்கமிருந்து நிதானமாக வந்து வாசல் கேட்டருகே ஓய்ந்தது.

பெட்டியைப் பூட்டிக்கொண்டிருந்த சென்னியப்பனின் கை அசையாமல் நின்றது. கட்டிலில் உட்கார்ந்திருந்த அம்மா நாச்சியம்மாள் தலையைத் தூக்கினாள்.

"புவனா வந்துட்டா கண்ணு. கேட்டத் தொறந்து உடு."

புவனா அவன் மனைவி. போன ஆடியில் செத்துப்போனாள்.

அம்மாவுக்கு முதலில் குழம்புக்கு உப்புப் போட்டது மறந்தது. பிறகு வீட்டுக்கு வரும் வழி மறந்தது. கோயம்புத்தூரில் காட்டிய முதல் டாக்டர், வயசானால் அப்படித்தான் என்று சத்து மாத்திரை எழுதினார். இரண்டாமவர்தான் அல்சைமர் என்ற பெயரைச் சொன்னார். மூளை கொஞ்சம் கொஞ்சமாகச் சுருங்கும், பொழுது சாயும் நேரத்தில் கலக்கம் கூடும், சொந்த வீட்டில் இருந்துகொண்டே வீட்டுக்குப் போகணும் என்று கிளம்புவார்கள் என்றார். அம்மாவும் கிளம்பினாள். ஒவ்வொரு சாயங்காலமும் புவனா பின்னால் ஓடுவாள். ரோட்டைக் கடக்கும் குழந்தையைப் பிடிப்பது போல அம்மாவின் மணிக்கட்டை இறுகப் பிடித்துக்கொண்டு, "வாங்கத்தை, ஊட்டுக்குப் போலாம்" என்று கூட்டி வருவாள்.

ஒரு நாள் அம்மா வேறு சந்து வழியாகத் தானே வந்து சேர்ந்துவிட்டாள். அது தெரியாமல் புவனா அவினாசி ரோடு வரைக்கும் தேடிக்கொண்டு போனாள். அங்கே ஒரு புளியமரத்தருகே லாரிக்காரன் பிரேக் போட்டிருந்தான். போதவில்லை. ஒரு கால் செருப்பு கிடைத்தது. மற்றது கிடைக்கவில்லை.

சாவு வீட்டில் யாரும் யாரிடமும் 'வாரேன்' என்று சொல்லிக்கொள்வதில்லை. பேசாமல் எழுந்து போய்விடுவார்கள். அம்மா அதையும் மறந்திருந்தாள். பாடையைத் தூக்கும் நேரத்தில் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து புவனாவின் கன்னத்தைத் தடவி, "போயிட்டு வெரசா வந்துரு கண்ணு" என்றாள். ஒப்பாரி ஒரு கணம் அறுந்தது. பிறகு யாரோ அம்மாவை உள்ளே கூட்டிப் போனார்கள்.

ஆரம்பத்தில் அவன் உண்மையைச் சொன்னான். ஒவ்வொரு சாயங்காலமும் அம்மா அதைப் புதிதாகக் கேட்டாள், புதிதாக நெஞ்சில் அடித்துக்கொண்டு அழுதாள். அவனுக்குத்தான் ஒரு முறைகூட அழுகை வரவில்லை. மறுத்துப் பேசாதீர்கள், அவர்கள் இருக்கும் உலகத்துக்குள் நீங்கள் போங்கள் என்றார் டாக்டர். போனான். வந்துருவாம்மா என்று சொல்லப் பழகினான். அதற்குப் பிறகுதான் அந்தச் சத்தம் கேட்க ஆரம்பித்தது. முதலில் தூரத்தில், தறிச் சத்தத்துக்கு அடியில். அப்புறம் தெருமுனையில். இன்றைக்குக் கேட்டருகே.

லண்டனில் இருக்கும் அக்கா மதிவதனி அங்கே மறதிக்கென்றே தனி ஆஸ்பத்திரி பார்த்து வைத்திருந்தாள். புதிதாக ஒரு மாத்திரை வந்திருக்கிறதாம். போனது திரும்பாது, இருப்பதைக் கொஞ்ச காலம் பிடித்து வைக்கலாம் என்று போனில் சொன்னாள். அவனுக்கு அது போதும். அவனை மகன் என்று தெரிந்த அம்மாவாவது மிஞ்ச வேண்டும். இன்று பீளமேட்டில் விமானம் ஏறி, பம்பாய் வழியாக லண்டன்.

வாசலில் அம்பாசிடர் வந்து ஹாரன் அடித்தது. அம்மா நிலைக்கதவைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டாள். அவன் கெஞ்சினான். விரல்களைப் பிரிக்கப் பார்த்தான். எங்கிருந்து வந்ததோ அத்தனை பலம்.

"ஏனுங்க, வெரசா வாங்க. கையக் காட்டுனா நிக்கறதுக்கு பிளேன் என்ன டவுன் பஸ்ஸுங்களா?" என்றான் டிரைவர் வேங்கடசாமி.

"அவளத் தனியா உட்டுப்போட்டு நா வர மாட்டேன்," என்றாள் அம்மா. "எத்தன நாளா கேட்டுப் பக்கத்துலயே நிக்கறா. நீ கூப்புடு சாமி. நீ கூப்புட்டாத்தான் வருவா."

கேட்டருகே யாரும் இல்லை. அந்த இடத்தில் மட்டும் காற்றில் சூடான தாரின் வாசம், டீசல் வாசம். அவன் வாயைத் திறந்தான். அந்தப் பெயரைக் கூப்பிட்டு மாதங்கள் ஆகியிருந்தன.

"புவனா. நீயும் வா."

செருப்பு. வெறுங்கால். செருப்பு. கார் வரைக்கும்.

அம்மாவின் விரல்கள் தாமாகத் தளர்ந்தன. காரின் பின்சீட்டில் ஏறி ஓரமாக ஒதுங்கி உட்கார்ந்தாள். அவள் பக்கத்துக் கதவை அவன் சாத்தினான். மறுபக்கக் கதவும் சாத்திக்கொண்டது. அவன் முன்சீட்டில் ஏறினான்.

"எல்லாரும் ஏறியாச்சுங்களா?" என்று கேட்டான் வேங்கடசாமி, திரும்பிப் பார்க்காமல்.

"ஏறியாச்சுங்க," என்றாள் அம்மா.

கார் நகர்ந்தது. பின்னால் கரண்ட் வந்து தறிகள் ஒவ்வொன்றாக உயிர் பிடித்தன. அவினாசி ரோட்டுக்கு வந்ததும் அம்மா குனிந்து, பக்கத்து இடத்தின் கீழே முந்தானையால் எதையோ துடைத்தாள்.

"காலெல்லாம் ரத்தம். எவ்வளவு தூரம் ஓடுன? யாரத் தேடுன கண்ணு?"

பதிலைக் கேட்பது போலக் காதைச் சாய்த்தாள். மெல்லச் சிரித்தாள்.

"என்னையா? நா இங்கதான இருக்கேன்."

எதிரே லாரிகளின் வெளிச்சம். அந்தப் புளியமரம் வந்துகொண்டிருந்தது.

அவன் திரும்பிப் பார்த்தான். அம்மாவின் கை காலி இடத்துக்குக் குறுக்கே நீண்டிருந்தது. யாரோ பிடித்து இழுப்பது போல. நேராக. விறைப்பாக.

தன் கையைப் பின்னால் நீட்டினான். காற்றில். அப்படியே வைத்திருந்தான்.

அவனை எதுவும் தொடவில்லை.

"ஊட்டுக்குப் போலாங்கறா," என்றாள் அம்மா. முகமெல்லாம் சந்தோஷம். சீட்டில் நகர்ந்தாள். அந்தக் கதவை நோக்கி.

புளியமரம்.

அம்மாவின் மணிக்கட்டில் நான்கு விரல் குழிகள். வெளுத்து. இறுகிக்கொண்டே.

கதவின் கைப்பிடி மெல்லத் திரும்பியது.