அளவைக் கூட்டு

மனநோய் வார்டுக்குள் பெரிய டாக்டர் நுழைந்தபோது பிற்பகல் மழை சன்னல் கம்பிகளை நனைத்துக்கொண்டிருந்தது. பினாயில் நெடி, காயாத துணியின் வாடை, மங்கிய விளக்கு, எல்லாம் வழக்கம்போல. ஓரத்துக் கட்டில் மட்டும் காலி.

அதில் கிடந்தவன் அச்சகத் தொழிலாளி. மனச்சிதைவு நோயால், ஆளில்லாத குரல்களைக் கேட்டவன். மருந்து அவனுக்குத் தேவைதான். அதை யார் மறுத்தார்? ஆனால் அளவு ஏற ஏற அவன் உடல் விறைத்தது, தாடை இறுகியது, காய்ச்சல் அனலாய் அடித்தது. ஊசிக்குப் பிறகுதான் இப்படி ஆகிறான் என்று அவன் அக்காள் கையெடுத்துக் கும்பிட்டு மன்றாடினாள். நோயாளி விறைத்தால் நோய் முற்றிவிட்டது. உறவுக்காரி அழுதால் அறியாமை முற்றிவிட்டது. இதுதான் அந்த மகாமேதை கண்ட மருத்துவம்! மாலைக்கும் பொன்னாடைக்கும் தானே வளையும் அந்தக் கழுத்து, அவள் பக்கம் திரும்பவில்லை. அளவைக் கூட்டச் சொன்னார். கூட்டினார்கள். செத்தான்.

இன்று அந்தக் கனவான் சாவகாசமாக நாற்காலியில் சாய்ந்தார்.

"உடம்பு விறைக்குது, டாக்டர்."

திரும்பினார். யாருமில்லை.

பிடரியில் காய்ச்சல்காரனின் சூடு பட்டது.

"கொஞ்சம் பாருங்க, டாக்டர்."

பேய் என்பது பாமரனின் பேதைமை என்று மேடைதோறும் முழங்கியவர், செருப்பு ஒரு பக்கம் கழல, அடுத்த அறைக்கு ஓடினார். அங்கே அவரிடமே தொழில் பயின்ற சின்ன டாக்டர் மருந்துச் சீட்டு எழுதிக்கொண்டிருந்தார். செத்தவன் பேசுகிறான் என்று பெரியவர் உளறிக் கொட்டியபோதும் பேனா நிற்கவில்லை.

"எத்தனை நாளா கேக்குது சார்?"

"எனக்கு நோயில்லைப்பா. அது அவன் குரலேதான்."

"எல்லாரும் அப்படித்தான் சொல்வாங்க. நீங்க சொல்லிக்கொடுத்ததுதானே சார்."

இப்படிப்பட்ட ஆசானுக்கு வேறு எப்படிப்பட்ட சீடன் வாய்ப்பான்? ஊழியர்கள் வந்து பெரியவரின் தோளை அமுக்கினார்கள். ஊசி இறங்கியது.

நாள் செல்லச் செல்லப் பெரியவரின் விரல்கள் மடங்க மறுத்தன.

தாடை பூட்டிக்கொண்டது.

மருந்துதான் காரணம் என்று அவருக்குத் தெரியும். இப்போதே நிறுத்தினால் பிழைப்போம் என்பதும் தெரியும். சொல்ல நாக்குப் புரளவில்லை. கண்கள் மட்டும் கெஞ்சின. கொதிக்கும் அந்த உடலைத் தொட்டும் பாராமல், நோய் முற்றிவிட்டது என்று சீடர் தீர்ப்பளித்தார், அளவைக் கூட்டினார்.

மறுநாள் காலை, உயிரற்ற அந்த உடலைத் துணியால் மூடிய நர்ஸ் சட்டென்று நிமிர்ந்தாள்.

யாரோ பேசினார்கள்.

துணிக்குள்ளிருந்து அல்ல.

"என்னம்மா, ஏதாவது கேக்குதா?" என்றார் சின்ன டாக்டர், வாசலில் நின்றபடி.

அவள் துணியின் நுனியை இழுத்துச் சரிசெய்தாள். "இல்லீங்க சார்."

அவர் போய்விட்டார். அவளைத் தவிர அறையில் மூச்சுவிட ஆளில்லை. ஆயினும் அவள் காதோரம், அந்த அச்சகத் தொழிலாளியின் காய்ச்சல் சூட்டோடு, ஒரு மூச்சு நெருங்கி, மிகுந்த கனிவோடு கிசுகிசுத்தது.

"நல்லவேளை, சொல்லலை சிஸ்டர். உங்களுக்கும் ஊசி போட்டிருப்பாங்க."