ஐம்பத்து மூன்றாவது முட்டு

முனகல் தப்பான இடத்திலிருந்து வந்தது.

நாற்பதாவது முட்டில் அளவு நாடாவை வைத்தபடியே அளவுக்காரர் காது கொடுத்தார். சுரங்கத்தில் முனகலுக்குப் பயப்படுகிறவர்கள் புதிதாக வேலைக்கு வந்தவர்கள்தான். ஒரு இரும்புக் குழாய்க்குள் இன்னொன்றைச் செருகிக் கூரைக்கு நிறுத்திய அந்த முட்டுகள் வீம்பு பிடிப்பதில்லை. மேலே பாறையின் கனம் ஏற ஏற, ஒரு குழாய் மற்றொன்றுக்குள் நூல் நூலாக, அங்குலத்தில் எட்டில் ஒரு பங்காக, இறங்கி இடம் கொடுக்கும், கொடுக்கும்போதெல்லாம் முனகும். எந்த முட்டு எத்தனை நூல் இறங்கியது என்று தினமும் அளந்து எழுதுவதுதான் அவர் வேலை. பதினெட்டு வருஷத்தில் அந்தச் சத்தம் வீட்டுக் கதவின் சத்தம் மாதிரி பழகிவிட்டது. ஆனால் உள்ளேயிருந்து இப்போது வந்தது இரும்பின் சத்தம் இல்லை. அதில் ஈரம் இருந்தது.

ஐந்து முனகல், ஒன்றன் பின் ஒன்றாக. தூரத்தை வைத்துப் பார்த்தால் ஐம்பத்து மூன்றிலிருந்து ஐம்பத்தேழு வரை.

அந்த ஐந்து முட்டுகளை அவர் கண்ணால் பார்த்ததே இல்லை. கடைசிப் பகுதியில் கூரை தாழ்வு, குனிந்தே போக வேண்டும், அடுப்பங்கரை மாதிரி வெக்கை. மூன்று நாளாக மூட்டுவலியைச் சாக்காக வைத்து, சுரங்கப்பாதை திரும்பும் வளைவிலேயே உட்கார்ந்து, டீயைக் குடித்துக்கொண்டே, முந்தின நாள் அளவில் ஒன்றிரண்டு நூலைக் கூட்டி எழுதிவிட்டார். ஐந்து புது முட்டுகள் உள்ளே போயிருப்பதாகச் சரக்குச் சீட்டு சொன்னது. போனால் நிறுத்தியிருப்பார்கள்தானே என்று அவற்றுக்கும் அளவு எழுதினார். அதைப் பார்த்துத்தான் மேற்பார்வையாளர் இன்று ஐந்து பேரை அந்த முனைக்கு அனுப்பியிருந்தார். அதில் ஒருவன் அளவுக்காரருடைய தங்கையின் கணவன்.

காலையில் இறங்கும்போது, மச்சான் எழுதின அளவு இருக்கும்போது எனக்கென்ன பயம் என்று மாப்பிள்ளை மற்றவர்களிடம் பெருமையாகச் சொன்னான். அவர் பூட்ஸ் கயிற்றைக் கட்டுவது போலக் குனிந்துகொண்டார்.

நாலு எட்டு வைத்ததும் சுவரோரம் ஒரு கட்டு கிடந்தது. கம்பி பிரிக்காத கட்டு. எண்ணிப் பார்த்தார். ஐந்து முட்டுகள்.

தொலைபேசி வளைவில் இருந்தது. ஓடிப்போய் எடுத்தார்.

"சொல்லுங்க," என்றார் மேற்பார்வையாளர். "ஐம்பத்தேழு வரைக்கும் நல்லா நிக்குதுன்னு நேத்து நீங்கதானே எழுதினீங்க? ஏதாவது பிரச்சினையா?"

ஒரே ஒரு வாக்கியம் போதும். நான் அளக்கவில்லை.

"ஒண்ணுமில்ல சார். சும்மாதான்," என்று வைத்துவிட்டார். யாருக்கும் தெரியாமல் மாப்பிள்ளையை மட்டும் எதையாவது சொல்லிக் கூட்டிவந்துவிடலாம். மற்ற நாலு பேரையும்தான். அப்புறம் முட்டுகளை நிறுத்திக்கொள்ளலாம். அந்த நேரத்தில் அது அவருக்கு நல்ல யோசனையாகவே பட்டது.

குனிந்து நடந்தார். நாற்பத்தைந்து. நாற்பத்தெட்டு. துளைபோடும் இயந்திரத்தின் சத்தம் கேட்க வேண்டிய இடத்தில் எதுவும் கேட்கவில்லை. எண்ணெயும் ஈரக் கல்லும் கலந்த வழக்கமான வாசத்துக்குள் வேர்வை வாசம் ஏறிக்கொண்டே வந்தது, கனம் தூக்குகிறவர்களின் உடம்பிலிருந்து வருகிற வேர்வை. தலைவிளக்கின் வெளிச்சத்தில் தூசி கீழே விழாமல் நின்றது.

ஐம்பது. ஐம்பத்தொன்று.

ஐம்பத்திரண்டு. இரும்பு அதோடு முடிந்தது.

அதற்கு மேலும் கூரை விழவில்லை. எதுவோ தாங்கிக்கொண்டிருந்தது.

விளக்கைத் தூக்கினார்.

ஐந்து பேரும் வரிசையாக நின்றார்கள். சம இடைவெளி விட்டு. இரண்டு கையும் மேலே. உள்ளங்கை பாறையில். யாரும் அசையவில்லை. முதலில் நின்றவன் மாப்பிள்ளை.

"மாப்ள. வா, போயிடலாம்."

மாப்பிள்ளை அவரைப் பார்த்தான். முகத்தில் கோபம் இல்லை. அதுதான் பயமாக இருந்தது.

"எப்படி வர்றது மச்சான்? இங்க அஞ்சு முட்டு நிக்குதுன்னு நீங்க எழுதியிருக்கீங்களே."

அவர் அவன் இடுப்பைக் கட்டிப் பிடித்து இழுத்தார். சில்லென்றிருந்தது. இரும்பு. கூரையிலிருந்து பொடி கொட்டியது. மற்ற நாலு பேரும் சேர்ந்து முனகினார்கள். கையை விட்டுவிட்டார்.

மாப்பிள்ளை அவரைவிட ஒரு தலை உயரம். இப்போது அவன் முகம் அவர் நெஞ்சுக்கு நேராக இருந்தது. குனிந்திருக்கிறான் என்றுதான் நினைத்தார். வெளிச்சத்தைக் கீழே இறக்கினார்.

முழங்கால் இருக்க வேண்டிய இடத்தில் முழங்கால் இல்லை. கெண்டைக்கால் தொடைக்குள் இறங்கியிருந்தது. நேராக. பிசிறில்லாமல். ஒரு குழாய் இன்னொரு குழாய்க்குள் இறங்குவது போல.

"இன்னைக்காவது அளந்து எழுதுங்க மச்சான்," என்றான்.

அவர் மண்டியிட்டு நாடாவை வைத்தார். மேலே பாறை மெல்ல நகர்ந்தது.

மாப்பிள்ளை முனகினான். கண்ணிமைக்காமல் அவரையே பார்த்தபடி, இன்னும் ஒரு நூல் இறங்கினான்.