வார்க்காத முகம்

காலையில் குளிப்பாட்டித் துவட்டும்போதுதான் கயற்கண்ணி பார்த்தாள். குழந்தையின் கன்னத்தில் நேற்றுவரை இல்லாத ஒரு குழி. நாத்தனார் சௌந்தரம் முந்தாநாள் வார்ப்பகத்தில் வாங்கி வந்த அதே குழி!

முகத்தை வேண்டியபடி வார்த்துத் தரும் வார்ப்பகம் தெருவுக்கு இரண்டு வந்துவிட்ட காலம் அது. தோல் செல் தன் இஷ்டத்துக்கு வளர்வதில்லை. பக்கத்துச் செல்கள் எவ்வளவு நெருக்குகின்றன, இழுக்கின்றன என்று பார்த்துத்தான் அளவையும் வடிவத்தையும் வைத்துக்கொள்ளும். அந்தப் பேச்சுக்குள் புகுந்து, நமக்குப் பிடித்த முகத்தைச் சொல்லித்தரும் களிம்புதான் அளவூட்டி. பூசிய மூன்று நாளும் கையுறை போட்டிருக்க வேண்டும், யாரையும் தொடக் கூடாது.

மருமகனைக் கண்ட அத்தைக்கு இதெல்லாம் ஞாபகம் இருக்குமா? நேற்று வந்தவள், உறையைக் கழற்றி எறிந்துவிட்டு, பிள்ளையின் இரண்டு கன்னத்தையும் வழித்துத் தன் நெற்றிப்பொட்டில் நெட்டி முறித்தாள் சௌந்தரம். "என் கண்ணே பட்டுரும் போலிருக்கே!"

கயற்கண்ணி வார்ப்பகத்துக்குப் போன் போட்டாள். எடுத்த பையன் முதலில் அலட்டிக்கொள்ளவில்லை. எட்டு மாதப் பிள்ளை என்றதும் குரல் இறங்கியது.

"பெரியவங்களுக்கு மூணு நாள்ல நின்னுரும்க்கா. இது வளருத பிள்ளைலா? புதுசா வார செல்லு பூரா அதையே படிக்கும், அதுவும் பெரியாளு அளவை. மூக்கைப் பாருங்க."

மூக்குத் துளையின் ஓரத்தில் தோல் மடிந்து உள்ளே இறங்கியிருந்தது. மூச்சு விசிலடித்தது.

"ஐயோ, ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டு ஓடவா தம்பி?"

"அங்கயும் இதத்தான் சொல்லுவாங்க. சொந்த ரத்தத்துல வார்க்காத முகம் ஒண்ணு வேணும். கன்னத்தோட கன்னம் வச்சு ஒரு பகல் படுத்திருந்தா பழைய அளவைச் சொல்லிக் குடுத்துரும். சாயங்காலத்துக்குள்ள பண்ணணும், இல்லன்னா வாயும் மூடிரும். நீங்க அம்மாதான? நீங்களே..."

கல்யாணத்துக்கு முந்தின வாரம் கயற்கண்ணியும் வார்த்துக்கொண்டவள். கணவனும் அப்போதுதான். அவள் அம்மா அறுபதாம் கல்யாணத்துக்கு. மாமனார் பென்ஷன் வந்த கையோடு. ஒவ்வொரு முகமாக நினைத்துப் பார்த்தாள். குடும்பத்தில் வார்க்காத முகம் இவன் ஒருத்தனுடையதுதான்.

"நானும் வார்த்தவதாம்ப்பா."

"அப்ப முகத்தை ஒட்டிராதீங்கக்கா! படிக்க ஆரம்பிச்ச செல்லு பழைய வார்ப்பையும் பிடிச்சுக்கிடும், இன்னும் வேகமா ஏறும்."

குழந்தை மூச்சுக்குத் திணறி அழுதது. பதறிப்போய் அள்ளித் தூக்கினாள். தூக்கியதும் அவன் வழக்கம்போல அம்மாவின் கன்னத்தைத் தேடித் தலையைச் சாய்த்தான்.

அவள் கைகளை விறைப்பாக நீட்டி, அவனை எட்டவே பிடித்துக்கொண்டாள்.