செத்தவர் எழுதிய முதல் நாவல்

டிரிங்ங்ங்...!

இன்ஸ்பெக்டர் பாண்டிச்செல்வி போனை எடுத்தார்.

“மேடம், கொலை! க்ரைம் எழுத்தாளர் ஆல்பினைக் கொன்னுட்டாய்ங்க!”

“பாடி எங்க?”

“ஆனையூர்ல... வீட்ல உக்காந்து டீ குடிச்சுக்கிட்டு இருக்கு!”

பேசியவர் உக்கிரபாண்டி. ஆல்பினின் முப்பத்தெட்டு நாவல்களையும் வரி விடாமல் படித்த ரசிகர். கால் மணி நேரத்தில் ஸ்டேஷனுக்கே வந்து, புது நாவலை மேஜையில் அறைந்தார்.

“படிங்க மேடம்! அம்புட்டுப் பக்கத்துலயும் ஒரு சாவு கூட இல்ல. ஹீரோ ரத்தத்தப் பாத்து மயங்குறான்! கதை சொல்ற குரலே வேற... நடுங்குது! எங்காளப் போட்டுத்தள்ளிட்டு எவனோ அவரு சட்டைய மாட்டிக்கிட்டு எழுதுறான்!”

பாண்டிச்செல்விக்குச் சிரிப்பு. ஆனால் அவரும் முப்பத்தெட்டையும் படித்தவர்! நாலு பக்கம் புரட்டினார். சிரிப்பு நின்றது.

ஜீப் ஆனையூருக்குப் பறந்தது.

“நான்தான் மேடம் ஆல்பின்!” ஆதார் கார்டை நீட்டிக் கதறினார் ஆல்பின்.

“ஆதார் கதை எழுதாது சார். என் முன்னால ஒரு கொலை எழுதுங்க. இல்லேன்னா ஸ்டேஷன்!”

‘கத்தி’ என்று எழுதினார். வியர்த்தது. பேனா விழுந்தது!

“முடியல மேடம்... போன வருஷம் ஒத்தக்கடையில பஸ் கவுந்துச்சு. மூணு மணி நேரம் அடியில கெடந்தேன். பக்கத்துல ஒரு அம்மா என் கையப் புடிச்சுக்கிட்டே செத்துப்போனாங்க. காகிதத்துல கூட இனி யாரையும் சாகவிட மனசு வரல.”

பாண்டிச்செல்வி கீழே விழுந்த பேனாவை எடுத்துக் கொடுத்தார். பாவம்!

உக்கிரபாண்டி விடவில்லை. “பழைய நாவல்ல ஒரே ஒரு வரி சொல்லுங்க பாப்போம்!”

ஆல்பின் திருதிருவென்று விழித்தார். ஒரு வரி கூட வரவில்லை!

“பாத்தீங்களா மேடம்? மாட்டுங்க விலங்க!”

க்ளிக்!

“நிறுத்துங்க...!”

ஓடி வந்தது மனைவி ஜெஸி. மிஷன் ஸ்கூல் டீச்சர். ஞாயிறுதோறும் சர்ச்சில் பிள்ளைகளுக்கு பைபிள் கதை சொல்பவர்.

“முப்பத்தெட்டையும் எழுதுனது நான்! ஸ்கூலுக்குத் தெரிஞ்சா வேலை போயிரும்னு இவரு பேரப் போட்டேன். இவரு அதுகளப் படிச்சதே இல்ல. பஸ்ஸுக்கு அடியில பட்ட பயத்த எங்கயாவது இறக்கி வைக்கணுமே... இதுதான் இவரு எழுதுன முத கதை. இதுதான் இவரோட சொந்தக் குரல்!”

பாண்டிச்செல்வி அவசரமாக விலங்கைக் கழற்றினார்.

“அப்ப... அந்தக் கிணத்துக்குள்ள தலையில்லாத பாடி... நீங்களா டீச்சர்?”

ஜெஸி வெட்கத்தோடு தலையாட்டினார். வாயைப் பிளந்து நின்ற உக்கிரபாண்டியை ஏற இறங்கப் பார்த்தார்.

“அண்ணே, அடுத்த நாவல்ல வர்ற ஒரு ஆளுக்கு உங்க பேர வச்சுக்கவா?”

“வைங்க டீச்சர்! எனக்கு எம்புட்டு வேலை இருக்கும்?”

“ஒண்ணுமே இல்லண்ணே. போலீஸ் வார வரைக்கும் அசையாமப் படுத்திருந்தா போதும்!”