செத்தவன் பேசினால் ஒன்றை அழுத்தவும்

ஃபோன் அலறியது.

ஒலிப்பதிவாளன் எடுத்துக் காதில் வைத்தான். வைத்த கை அப்படியே உறைந்தது.

மறுமுனையில்... இடி!

இடி செத்து ஒரு வருடம் ஆகிறது. விளம்பரங்களுக்குக் குரல் கொடுத்து வயிறு வளர்த்த கரகரத் தொண்டைக்காரன்; அந்தத் தொண்டைக்குத்தான் இடி என்று பட்டப்பெயர். ஒலிப்பதிவாளனின் உயிர்த்தோழன். கடைசி மாலையைப் போட்டவனே இவன்தான்.

"கார்டு கடன் கழுத்தை நெரிக்குதா, நண்பா? பாதி கட்டினா போதும். மீதிக்கு நாங்க பொறுப்பு. ஒன்றை அழுத்து..."



பதிவு செய்த குரல்தான். புத்திக்குப் புரிந்தது. ஆனால் பர்ஸில் மூன்று கார்டுகள். ஒன்றின் வட்டியை இன்னொன்றில் கட்டி, மூன்றுமே இப்போது பல்லை இளிக்கின்றன. தவிர, இடி உயிரோடிருந்தவரை இவனிடம் ஒரு பொய் சொன்னதில்லை.

ஒன்றை அழுத்தினான்.

தேன் தடவிய குரலில் ஓர் ஆலோசகர் வந்தார்.

"சார், இந்த மாசத்துலேர்ந்து பேங்க்குக்கு ஒரு பைசா கட்டாதீங்க. அவங்க கூப்பிட்டா எடுக்காதீங்க. எங்க ஃபீஸை மட்டும் இன்னிக்கே அனுப்பிடுங்க."

"வேலை முடியறதுக்கு முன்னாடியே ஃபீஸா?"

"டாக்டர் ஆபரேஷனுக்கு முன்னாடி வாங்கறதில்லையா சார்?"

நியாயமாகத்தான் பட்டது. மூழ்குகிறவனுக்கு எல்லாமே நியாயம்தான்.

கையில் இருந்தது மகளின் காலேஜ் ஃபீஸ் மட்டும். அதை எடுத்தால் அவள் படிப்பு அந்தரத்தில்.

டிபன் பாக்ஸோடு ஸ்டுடியோவுக்கு வந்த மனைவி, அவன் சாப்பிடும்போது விஷயத்தைக் கேட்டாள்.

"ஏங்க, கடன் பேங்க்ல. பேச்சு எவனோ ஒருத்தன்கிட்டயா? நேரா பேங்க்குக்கே போன் பண்ணி, முடியல, தவணை போட்டுக் குடுங்கன்னு கேளுங்களேன். வாயில கொழுக்கட்டையா?"

"உனக்கு இதெல்லாம் புரியாது. சொல்றது நம்ம இடி."

அவள் தலையில் அடித்துக்கொண்டு காலி பாக்ஸைக் கழுவப் போனாள்.

ஃபோனில் தொகையைத் தட்டினான். அனுப்பும் முன், இடியின் குரலை இன்னொரு தடவை கேட்க ஆசை. அதே நம்பருக்கு அடித்தான்.

"கார்டு கடன் கழுத்தை நெரிக்குதா, நண்பா..."

கிறீச்.

குரலுக்குப் பின்னால் மெல்லிய சத்தம். திரும்பிப் பார்த்தான்.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம், ஒலிப்பதிவு அறையில், காலியாக நின்றது அந்த நாற்காலி. எண்ணெயே காணாத நாற்காலி. இடி உட்கார்ந்த நாற்காலி.

இது இங்கே பதிவானது. பதிவு செய்தவன்... இவனேதான்!

இவன் தொழிலில் இருப்பவர்கள் வார்த்தையைக் கேட்பதில்லை. இரைச்சலைத்தான் கேட்பார்கள். இரைச்சலைக் கழித்துவிட்டுக் காசை வாங்கிக்கொள்வார்கள். என்ன பேசினான் என்று எவன் கேட்டான்?

பழைய பதிவைத் தேடி, வெட்டாத மூலத்தை ஓடவிட்டான். விளம்பரம் முடிந்தது. சின்ன இருமல். பிறகு, செத்தவன் நேராக இவன் காதுக்குள் பேசினான்.

"டேய்... வயித்துப்பாட்டுக்குப் படிச்சுட்டேன். நீ நம்பிடாதடா. என் மச்சானை இப்படித்தான் கட்டாதேன்னானுங்க. ஃபீஸை வாங்கிட்டுக் கம்பி நீட்டிட்டானுங்க. வட்டி குட்டி போட்டுச்சு, பேங்க் அவன் மேல கேஸ் போட்டுச்சு. மாட்டிக்கிட்டா நேரா பேங்க்ல பேசு. கேக்கறியா?"

பதிவில் இவன் குரலே பதில் சொன்னது.

"நாற்காலி சத்தம் போடுது. ஆடாம இன்னொரு டேக் போ."

ஹெட்ஃபோனைக் கழற்றினான். கண் கலங்கியிருந்தது.

ஃபோன் மறுபடி அலறியது. ஆலோசகர்.

"சார், ஃபீஸ் இன்னும் வரலையே?"

"உங்க விளம்பரத்துல பேசறவர் வேண்டாங்கறாரு."

"அவரா? எப்ப சொன்னாரு?"

"இப்பத்தான். செத்து ஒரு வருஷம் ஆச்சு. உங்ககிட்டயும் பேசணுமாம். லைன்ல இருங்க, குடுக்கறேன்..."

டொக். தேன் தடவிய குரல் ஓடிப்போனது.

ஒலிப்பதிவாளன் தொகையை அழித்தான். பேங்க்குக்கு அடித்தான். வருமானம், செலவு என்று குடைந்தெடுத்துவிட்டு, வட்டியைக் குறைத்து மாதத் தவணை போட்டுத் தருவதாகச் சொன்னார்கள். அதற்கு ஃபீஸும் கேட்கவில்லை. கடன் போகவில்லை. ஆனால் மகளின் காலேஜ் ஃபீஸ் பிழைத்தது.

ஈரக் கையோடு மனைவி உள்ளே வந்தாள்.

"இடி என்ன சொன்னாருங்க?"

"பேங்க்ல பேசச் சொன்னான்."

அவள் டிபன் பாக்ஸை மூடினாள்.

"சரிதான். இனிமே இந்த வீட்டுல நான் ஏதாவது சொல்லணும்னா, செத்துட்டு வந்துதான் சொல்லணும்."