மூன்றாவது சர்வரும் செத்தது

“ஐயோ... போச்சு!”

அலறல் கேட்டு மனைவி சமையலறையிலிருந்து ஓடி வந்தாள். சோபாவில் படுத்திருந்த அவள் அண்ணன் அசையவில்லை.

புரோகிராமர் திரையைக் காட்டினான்.

“சர்வர்... செத்துடுச்சு.”

“மறுபடியுமா?”

“ரெண்டாவது கொலை.”

இணையம் வழியே கிளவுடில் வாடகைக்கு எடுத்த மெஷின். புரோகிராம் எழுத எழுத, அதைத் தானாகவே டெஸ்ட் செய்து பார்க்கும் சர்வரை அதில் நிறுவியிருந்தான். ஓட விட்டால், பாஸான டெஸ்ட்டெல்லாம் பச்சை, பச்சை என்று ஜோராக வந்தது. கடைசி டெஸ்ட்டில்... மெஷினே இல்லை. யாரோ அடியோடு அழித்திருந்தார்கள்.

இன்னும் சற்று நேரத்தில் கஸ்டமர் வீடியோவில் வந்துவிடுவார். சர்வர் ஓடினால் கான்ட்ராக்ட். ஓடாவிட்டால் புருஷனும் பெண்டாட்டியுமாக நடத்தும் இந்தக் கம்பெனிக்கு மூடுவிழா. அவன் மச்சானிடம் வேலைக்குப் போக வேண்டும்.

அதற்கு நாண்டுகொண்டு சாகலாம்!

மெல்ல சோபா பக்கம் திரும்பினான்.

“மச்சான்... பாஸ்வேர்டு உங்களுக்கும் தெரியும்ல?”

“தெரியும் மாப்ளே.”

“நான் தோத்தா உங்களுக்குத்தானே லாபம்?”

“உன்னை வேலைக்கு வெச்சா எனக்கு என்ன லாபம்?” மச்சான் கொட்டாவி விட்டார்.

நியாயமான பதில்தான். ஆனாலும் பாஸ்வேர்டை மாற்றினான். மச்சானின் போனைப் பிடுங்கி ஃப்ரிட்ஜில் வைத்துப் பூட்டினான். அரக்கப் பரக்க மூன்றாவது சர்வரை எழுப்பினான்.

கஸ்டமர் அம்மாள் திரையில் வந்தார்.

“ம்... ஓட்டுங்க.”

பச்சை... பச்சை... பச்சை...

கடைசி டெஸ்ட்.

மெஷின் காலி!

புரோகிராமர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டான்.

“என்னங்க...” மனைவி அவன் தோளைத் தொட்டாள். “கடைசி டெஸ்ட் நான் எழுதினது.”

“நீயா?”

“நீங்க மெஷினை எடுத்தா அணைக்கறதே இல்ல, வாடகை ஏறிட்டே போகுது. அதான், கிளவுடுல நம்ம பேர்ல எது ஓடினாலும் அழிச்சுடணும்னு எழுதி வெச்சேன்.”

“இவ்வளவு நாள் ஒண்ணும் ஆகலியே?”

“அப்பல்லாம் என் லேப்டாப்லேர்ந்து ஓட்டினேன். இப்ப அந்த டெஸ்ட் ஓடறதே கிளவுடு மெஷின்லதானே...”

கொலை இல்லை... தற்கொலை! நுனிக்கிளையில் உட்கார்ந்து அடிமரத்தை வெட்டியிருக்கிறது சர்வர்.

அவனுக்கு அழுகையே வந்துவிட்டது. “மன்னிச்சுடுங்க மேடம். கான்ட்ராக்டை வேற யாருக்காவது...”

“இருங்க.” கஸ்டமர் கண்ணாடியைக் கழற்றினார். “எங்க ஆபீஸ் பேர்லயும் கிளவுடுல யார் எடுத்ததுன்னே தெரியாம ஏகப்பட்ட மெஷின் சும்மா ஓடுது. எங்காளுங்களால தேடிப் பிடிக்க முடியல. உங்க சர்வர் எனக்கு வேணாம். அந்தக் கடைசி டெஸ்ட்தான் வேணும்.”

“மேடம்?”

“கான்ட்ராக்ட் உங்க மனைவிக்கு. நீங்க அவங்களுக்குக் கீழ வேலை பாருங்க.”

திரை அணைந்தது. அவன் திரும்புவதற்குள் மனைவி அவனுடைய நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள்.

மச்சான் சோபாவில் எழுந்து உட்கார்ந்தார். முகத்தில் நிஜமான பரிதாபம்.

“என்கிட்ட வந்திருந்தா, சாயங்காலமாவது வீட்டுக்குத் தப்பிச்சுப் போயிருக்கலாம் மாப்ளே.”